கோணக்காதனின் வலது கை

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிடத்தில் எல்லோரும் கழுதைக்காரர் என்போம், முகத்துக்கு நேரே அல்ல. ஒரு காலத்தில் பிள்ளைகள் டிவி முன்னால் பழியாய்க் கிடந்து பார்த்த 'கோணக்காதன்' என்ற கழுதைப் பொம்மைக்குத் தலையும் குரலும் இடது கையும் அவர். வலது கை அவர் மனைவி. மேசைக்கு அடியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ரோம உறை மாட்டிய தங்கள் கைகளையே கழுதையின் கைகளாக்கி ஒரே கழுதையை ஆட்டுவிப்பார்கள். டிவியில் அவ்வளவு ஒற்றுமை. என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இருந்ததில்லை.

ஒருமுறை அவள் வலது கட்டைவிரலில் பெரிய கட்டோடு படியிறங்கினாள்.

"கதவுல நசுங்கிடுச்சுக்கா."

கதவு தானாக நசுக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கட்டு அவிழ்ந்த பிறகும் விரல் நிமிரவில்லை. அதிலிருந்து கோணக்காதனும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டே கையாட்டினான். பிள்ளைகளுக்கு அது கொள்ளை வேடிக்கை. தெருவெல்லாம் மடங்கிய கட்டைவிரல்கள்.

பிறகு ஒருநாள் அவள் போனவள்தான். எங்கே போனாள் என்று எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தேடுவதை விடவில்லை. "கிடைச்சா ஒரு வார்த்தை பேசணும்கா, அவ்வளவுதான்" என்பார். அது என்ன வார்த்தை என்று கேட்க எனக்கே வாய் வந்ததில்லை.

இப்போது கோணக்காதனைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். புதுக் குரல், புது ரோமம், அதே கோணல் காது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் தொப்பையும் குடும்பமுமாகத் தியேட்டரில் குவிந்தார்கள். எங்கள் கட்டிடமே போனது. கழுதைக்காரரும் வந்தார். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கப் பக்கத்து சீட்டில் நான்.

முதல் காட்சியிலேயே கழுதை கையாட்டியது. கட்டைவிரல் மடங்கியிருந்தது.

"அப்படியே பழசு மாதிரியே பண்ணிருக்காங்கடா" என்று பின்னால் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். தியேட்டரே கைதட்டியது.

கழுதைக்காரர் தட்டவில்லை. கழுதை அழுதபோதும் பறந்தபோதும் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ புதுப் பொண்ணா இருக்கும். மடக்கப் பழக்கியிருப்பாங்க" என்றேன்.

"மடக்கப் பழக்கலாம்கா. தட்டை எடுக்கறப்ப பாருங்க, நிமிர்த்த வரல." குரல் தேனாக இருந்தது. "நான் பண்ணின விரல் எனக்குத் தெரியாதா?"

இடைவேளையில் வாங்கிய காப்பியை நான் குடிக்கவில்லை.

மறுநாள் அவர் முடி வெட்டிக்கொண்டார். கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பழைய கழுதையைப் புதுசாகப் பார்த்து மனுஷன் திருந்திவிட்டார் என்று கட்டிடமே மெச்சியது. அந்த வாரக் கடைசியில், காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு படியிறங்கினார்.

"என்ன சார், மாப்பிள்ளைக் கோலம்?"

"கூட வேலை பார்த்தவங்களைப் பாத்துட்டு வர்றேன்கா."

படக் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்தேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் புதிதல்ல. விடாமல் போன் போட்டேன். இரண்டு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு இளம்பெண் குரல்.

"கோணக்காதனுக்கு வலது கை போடறவங்ககிட்ட உடனே பேசணும்மா."

"பட விளம்பர மேடை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடக்குது ஆன்ட்டி. உள்ளே போன் எடுத்துட்டுப் போக முடியாது."

"அப்ப நீயே போய்ச் சொல்லு. அவ புருஷன்னு யாராவது வந்தா விட்டுடாதீங்க. அந்த ஆள்..."

"அச்சச்சோ, உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?" சிரித்தாள். "சர்ப்ரைஸ்னு சொன்னாரே. முதல்ல நான் நம்பல. பழைய கோணக்காதன் குரல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. சின்னப் புள்ளையில அந்தக் குரலைக் கேட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

"இப்ப அவர் எங்கம்மா?"

"நானேதான் கூட்டிட்டுப் போய் மேடைக்குப் பின்னால விட்டுட்டு வந்தேன். அவங்க மட்டும் தனியா இருக்கற நேரமாப் பாத்து."