காளிச்சாமி என்ன நடுவார்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு பை கத்தரிக்காயோடு வந்தது. கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், வேண்டாம் என்றாலும் கேட்காமல் பையை என் மடியில் வைத்தார். "போன வருசம் வெச்ச செடி, இன்னும் காய்ச்சுக் கொட்டுதுங்க. எங்கூருல மாடுகூட இதத் திங்கறதில்லீங்க. நீங்களாச்சும் தின்னுங்க." ஏன் இத்தனை கத்தரிக்காய் என்று கேட்டுவைத்தேன். பாலக்காடு வரும்வரை சொன்னார். பாதியைத்தான் நம்பினேன், மீதிப் பாதியை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வட்டாரக் கொள்கை வகுப்பில் பொருளாதார மாதிரிகளின் பங்கு குறித்து நாம்...'

(நீங்கள் கொட்டாவி விட்டது கேட்டது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம். ஜானவி பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண், பொருளாதாரம் படித்தவள். எந்தக் காய் எவ்வளவு விளையும், விலை எங்கே போய் நிற்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவள் வேலை. எந்த நாற்றுக்கு மானியம் என்பதைக் கத்தரிக்காய்க்காரரின் ஊர்ப் பஞ்சாயத்து அதை வைத்துத்தான் முடிவு செய்யும். போன வருசம் கணிப்பு பொய்த்தது. இந்த வருசமும் பொய்த்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

3

போன வருசம் நடந்தது இது. கிராமசபையில் மைக்கைப் பிடித்து, தக்காளி விலை விழும் என்றாள். ஊரும் சுற்றுவட்டாரமும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கத்தரி நட்டன. தக்காளி கிடைக்காமல் விலை எகிறியது, கத்தரிக்காய் ரோட்டுக்கு வந்தது. தக்காளி வைத்திருந்தவர் காளிச்சாமி ஒருவர்தான். அன்று பொள்ளாச்சியில் மச்சினன் வீட்டு விருந்து. மனிதர் கூட்டத்துக்கே வரவில்லை. இப்போது புது டிராக்டரில் உலா வருகிறார்.

(ஜானவியின் கணக்கு தப்பில்லை. எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவள், தான் பேசப்போவதைச் சேர்க்க மறந்துவிட்டாள். பாவம், எனக்கு அவளைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.)

4

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இந்த வருசம் அவள் என்ன சொன்னாலும் நேர்மாறாகச் செய்வது என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் ஜானவியிடம் அதைச் சொன்னவள் வார்டு மெம்பர் வனிதா.

ஜானவி வாய்விட்டே கணக்குப் போட்டாள். விழும் என்றால் எல்லோரும் தக்காளி நடுவார்கள், விலை விழும். ஏறும் என்றால் ஒருவரும் நடமாட்டார்கள், விலை ஏறும். எது சொன்னாலும் பலிக்கும். வேலை நிச்சயம்.

"அப்ப உங்க கணிப்பு எப்படியும் பலிச்சுப்போகும், எங்க வெள்ளாமதான் போகும்," என்றாள் வனிதா. "அதென்ன கணக்குங்க?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜானவிக்கு வெட்கமாக இருந்தது.

"பாதிப் பேர் தக்காளி, பாதிப் பேர் கத்தரி வெச்சா ரெண்டுக்கும் விலை நிக்கும்," என்றாள். "நான் எதைச் சொன்னாலும் அந்தப் பாதிக்குப் பாதி நடக்காது. சொல்லாட்டா என் வேலையாக்கும் போறது."

5

மைக்கைப் பிடித்தாள். "நான் இந்தத் தடவை ஒண்ணும் சொல்லப்போறதில்லை. நீங்க சொல்லுங்கோ. யார் யார் தக்காளி வெக்கப் போறேள்? கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை. எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அங்கே காளிச்சாமி.

"என்னை ஏனுங்க பாக்கறீங்க? டீயும் வடையும்னாங்க, வந்தேன்."

6

முடிவு ஒன்று: சரியாகப் பாதிப் பேர் கை தூக்கினார்கள். (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: எல்லோரும் தூக்கினார்கள், தக்காளி மலைபோல் குவிந்து... (வேண்டாம். வனிதா முகத்தில் விழிக்க முடியாது.)

முடிவு மூன்று: காளிச்சாமியின் கை மடியைவிட்டு மெல்ல எழுகிறது. ஓட்டுப் போடவா, காதைச் சொறியவா என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்கள் நேர்மாறாகச் செய்வீர்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். அவரைப் பார்க்காமல், முதலில் நீங்கள் கையைத் தூக்குங்கள்.