சட்டைப் பையில் முட்டை ஓடு

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தீவனக் கடையில் காதில் விழுந்தது. தோழியின் நாய்க்குத் தீனி வாங்கத் துணைக்குப் போயிருந்தேன். அவளும் எழுதுகிறவள். என்னைவிட நன்றாக எழுதுகிறாள் என்று நாலு பேர் சொல்கிறார்கள். அந்த நாலு பேரையும் எனக்குப் பிடிக்காது. எங்களுக்கு முன்னால் நின்ற பெண் பேசியதைக் கேட்டு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

"கோழிக்குப் பல் கிடையாது."

(நல்ல முதல் வரி. ஆனால் இப்படித்தான் அவளும் தொடங்குவாள். அடித்துவிட்டேன்.)

"சின்னவளுக்கு யார்மேலும் பொறாமை இல்லை, ஆனால்..."

(பொய். அந்த 'ஆனால்' வந்ததுமே தெரிந்துவிடும்.)

சரி, நேராகவே போகிறேன். சின்னவள் தன் ஓரகத்தியின் முட்டைகளைப் பார்த்து வயிறெரிந்தாள்.

3

அண்ணன் தம்பி வீடுகள் இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. கொல்லைப்புறத்தில் நடுவே ஆள் உயரச் சுவர். இந்தப் பக்கம் மின்வாரிய அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கும் சின்னவள், தம்பி மனைவி. அந்தப் பக்கம் வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் பெரியவள். இருவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஆளுக்கு நான்கு கோழி வாங்கினார்கள். கூண்டும் ஒரே அளவுதான்.

மாமனாருக்குப் படுக்கை பெரியவள் வீட்டில், காலைச் சாப்பாடு சின்னவள் வீட்டில். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் சின்னவள் அவித்து வைத்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்:

"பெரியவ வீட்டு முட்டையத் தட்டினா கதவத் தட்டுற மாதிரி சத்தம் வருதும்மா. இது தொட்டாலே நொறுங்குது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அன்று முழுக்க அலுவலகத்தில் எந்தப் புகாரும் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கூண்டுக்குள் தீவனத் தட்டு. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் பொடிக்கல். கூண்டின் மறுகோடியைத் தகரம் மறைத்தது. பார்த்தது போதும் என்று இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் கடைக்கு வந்தது. நானும் தோழியும் கேட்டது இவ்வளவுதான்:

"எங்க அக்கா வாங்குற அதே கல்லு குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஓடு கெட்டியாகணும்."

"கல்லு அதுக்கில்லம்மா. அது வயித்துக்குள்ள கிடந்து இரைய அரைக்கும், அவ்வளவுதான். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். கிளிஞ்சல் தூள் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"அக்கா கிளிஞ்சல் வாங்குறாங்களா?"

"இல்ல. கல்லு மட்டும்தான்."

"அப்ப எனக்கும் கல்லு மட்டும் போதும்."

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தாள்.

4

அந்தக் கடைப் பேச்சைத் தவிர, முன்னால் சொன்னதும் இனி வருவதும் நானாகப் புனைவது.

(இவளை இவ்வளவு பிடிவாதக்காரியாக ஆக்கியது நியாயமா என்று எனக்கே சந்தேகம். மாற்றப் பார்த்தேன். 'நல்ல மனசுதான், கொஞ்சம்...' என்று எழுதி விட்டுவிட்டேன். தோழி இந்நேரம் எத்தனை பக்கம் முடித்திருப்பாள்?)

மூன்று வாரம் கல்லைப் போட்டாள். கோழிகள் நன்றாகத் தின்றன, நன்றாகச் செரித்தன. ஓடு மட்டும் இன்னும் மெலிந்தது. ஒருநாள் ஓடே இல்லாமல், வெறும் தோலோடு ஒரு முட்டை கிடந்தது. கையில் எடுத்ததும் நெளிந்தது. யாரும் பார்ப்பதற்குள் மண்ணில் புதைத்தாள்.

அதே வாரம் மாமனார் உரித்த ஓட்டைத் தட்டிலிருந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாள்.

"எதுக்கு மாமா?"

"பெரியவ கோழிக்குத்தான். வறுத்து இடிச்சு வைப்பா. தினமும் கொண்டுபோறேனே, நீ பாத்ததில்லையா?"

தகரம் மறைத்த கோடியில் இன்னொரு கிண்ணம் இருந்திருக்கிறது, அதில் இந்த ஓட்டுத் தூள். தன் கோழிகளின் சத்துதான் தினமும் ஒரு சட்டைப் பையில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டுவிட வேண்டும், இன்றே, அந்த வீட்டு வாசலில் நின்று நறுக்கென்று...

5

அதற்குள் குட்டைக்காலி படுத்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்ததும் ஓடிவந்து காலைச் சுற்றுகிற ஒரே கோழி அது. இறகை உப்பிக்கொண்டு, முட்டை வெளியே வராமல் முக்கிக்கொண்டு கிடந்தது.

(இங்கே இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் கோழி சாகிறது. தோழி நிச்சயம் சாகடிப்பாள். அவள் கதைகளில் கடைசிப் பக்கம் தாண்டி எதுவும் பிழைப்பதில்லை. எனக்கு அது வேண்டாம். அவளுக்குப் போட்டியாகத்தான் இந்தக் கோழியைக் காப்பாற்றுகிறேன் என்றால், ஆமாம்.)

சின்னவள் கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியவள் கதவைத் தட்டினாள். பெரியவள் வாயில் குண்டூசியோடு வந்தாள். ஊசிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். கோழியை உட்கார வைத்து, ஓட்டுத் தூளை நீரில் குழைத்துச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டாள். சின்னவள் கோழியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் முட்டியோடு முட்டி உரச உட்கார்ந்திருந்தார்கள். அரைமணிக்குப் பிறகு தோல்முட்டை ஒன்று தண்ணீருக்குள் நழுவியது. கோழி தலையை உதறியது.

"உனக்கே பத்தலையா இந்தத் தூளு?" என்றாள் பெரியவள். "சொல்லியிருக்கலாம்ல. நீ தினமும் மாமாகிட்ட ஓடு குடுத்தனுப்புறியேன்னுதான் நான் கடையில கிளிஞ்சலே வாங்குறதில்ல. என் கோழிக்குக்கூட யோசிக்கிறாளேன்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்."

சின்னவள் வாயைத் திறந்தாள்.

6

என்ன சொன்னாள் என்று எழுத மூன்று முறை முயன்றேன். 'ஆமாக்கா' என்று எழுதினேன், அடித்தேன். 'நான் எதுவும் குடுத்தனுப்பல' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மூன்றாவது முறை எழுதுவதற்குள் ஃபோன் வந்தது. தோழி.

"அந்தக் கோழிக் கதைய நான் எழுதல. கடையில உன் முகத்தப் பாத்தேன், உனக்கு அது ரொம்ப வேணும்னு தெரிஞ்சுது. பேனாவ உள்ள வெச்சிட்டேன். எழுதிட்டியா?"

அவள் பேனாவை உள்ளே வைத்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது தேடியதை மட்டும்தான்.

பெரியவள் இன்னும் பேசினுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறாள். தோழி இன்னும் லைனில் இருக்கிறாள். தண்ணீர் ஆறுகிறது. சின்னவளுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள். அதையே நானும் தோழிக்குச் சொல்லிவிடுகிறேன்.