ஆளில்லாத வாக்கியம்

அந்தப் பிரார்த்தனைக் கூடத்தில் அவளைக் ‘கைகாரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியாள் கேட்டால் யாரோ தந்திரக்காரியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். விஷயம் அதுவல்ல. மேடையில் வாத்தியார் பேசப் பேச, பக்கத்தில் நின்று அதைக் கையால் சொல்வது அவள் வேலை. இடதுபக்க முன்வரிசையில் காது கேளாதவர்கள் பதினொரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அவள் கைதான் பிரசங்கம். வாரநாட்களில் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா. காரணம், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

அம்மா தையல்காரி. கடைத்தெருவில் ஒரு படிக்கட்டுக்கு அடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு, தொளதொளத்த சட்டைகளைப் பிடித்துக்கொடுப்பாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பில் எழுதுவாள். அதெல்லாம் வாத்தியார் போட்ட பிச்சை என்று ஊரே சொல்லும், அம்மாவும் சொல்வாள். கூடத்தை நடத்த வருவதற்கு முன்னால், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தை முப்பது வருஷம் நடத்தியவர் அவர். இப்போது எழுபத்தெட்டு வயது. கொஞ்சம் கூன், கணீரென்ற குரல். அவர் தும்மினால்கூட அதில் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று நம்புகிற கூட்டம் அது. இத்தனைக்கும் அவருக்குக் கைமொழி தெரியாது. ‘வணக்கம்’, ‘சாப்டாச்சா’ இரண்டோடு சரி.

வேதப்புத்தகத்துப் பெரியவர்களைப் பற்றி வாரம் ஒருவராக அவர் பேசிவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் பாடிய ராஜாவின் முறை. ஆடு மேய்த்தவன் அரசனான கதை. அந்த ராஜாவின் பாட்டுகள் என்றால் அம்மாவுக்கு உயிர். அவள் கையால் அவற்றைப் பாடும்போது காது கேட்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முக்கால் மணி நேரம் தடங்கலில்லாமல் போயிற்று. பிறகு வாத்தியாரின் குரல் தாழ்ந்தது.

“அப்படிப்பட்ட ராஜாவின் வாழ்க்கையிலும், ஒரு மாலை வேளையில், உப்பரிகையின் மேல் ஒரு சறுக்கல் நேர்ந்தது. அதனால் ஒரு குடும்பம் குலைந்தது. ஒரு போர்வீரன் உயிரிழக்க நேரிட்டது.”

மகள் கேட்டதை அப்படியே காட்டினாள். மாடி. ராஜா. சறுக்கல்.

முன்வரிசையில் இருந்த வெல்டர் கையைத் தூக்கினார். அம்மாவோடு அதே பள்ளியில் படித்தவர், எதையும் கேட்டுத் தெளிந்துகொள்கிற ஆள். “வழுக்கி விழுந்துட்டாரா? காலா, இடுப்பா?” என்று கையால் கேட்டார்.

“அது இல்ல.”

“அப்புறம் குடும்பம் எப்படிக் குலைஞ்சுது? அவங்க வீட்டு மேல விழுந்தாரா?”

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கை அந்தரத்தில் நின்றது. வாயால் ‘நேர்ந்தது’ என்று சொல்லிவிட்டு நழுவிவிடலாம். கையால் அது ஆகாது. ‘கொண்டுபோனான்’ என்று காட்ட வேண்டுமானால் கை ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் போய் நிற்க வேண்டும். கிளம்புகிற இடத்தில் ஓர் ஆள் வேண்டும், போய் நிற்கிற இடத்தில் ஓர் ஆள் வேண்டும்.

கோர்ட்டில் அவள் பழகிய ஒழுங்கு ஒன்று உண்டு: புரியாதபடி சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல், புரியும்படி சொல்வது அதைவிட மேல். வலது தோளுக்குப் பக்கத்தில் ராஜாவை நிறுத்தினாள். இடது பக்கம், கீழே, குளித்துக்கொண்டிருந்த பெண். தூரத்தில், சண்டைக்களத்தில், அவள் புருஷன். ராஜா பார்த்தான். ஆளனுப்பி அவளைக் கொண்டுவந்தான். அவள் கர்ப்பமானாள். புருஷனைச் சாவு விழுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி ராஜா கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தைப் புருஷன் கையிலேயே கொடுத்தனுப்பினான்.

இடதுபக்க வரிசையே ஆடிப்போயிற்று. ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். வெல்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடையில் வாத்தியார் பேச்சை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அம்மா மட்டும் அசையவில்லை. மகளைப் பார்த்து, “புத்தகத்துல இருக்கா இது?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா.”

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் அம்மா வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தாள். மூன்று தடவை படித்தாள். பாட்டுகளை விட்டுவிடப் போகிறாள், ராஜாவின் மேல் காறித் துப்பப் போகிறாள் என்று மகள் காத்திருந்தாள்.

அம்மா நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. பிரமிப்பு இருந்தது.

“இதை எழுதினவன் யாரா இருப்பான்? ராஜா வீட்டுச் சோத்தைத் தின்னவனாத்தான் இருக்கணும். அவ்வளவு பெரிய ஆளோட மானத்தை ஒரு வரிகூட விடாம எழுதி வச்சிருக்கான் பாரு. கை நடுங்கியிருக்காது?”

“ராஜா மேல கோவம் வரலையாம்மா?”

“வருது. ராஜாகிட்ட ஒரு பெரியவர் வந்து, அடுத்தவன் ஆட்டைப் பிடுங்கின பணக்காரன் கதையைச் சொல்றார். ராஜாவுக்கு ஆத்திரம். யாருடா அவன்னு கேக்கறான். நீதான்டான்னு சொல்றார். நாமளா இருந்தா என்ன சொல்லியிருப்போம்? சூழ்நிலை அப்படின்னு சொல்லியிருப்போம். இவன், நான்தான் செஞ்சேன்னு சொல்றான். ராஜாடி! சொன்னவரோட தலையை எடுத்திருக்கலாம்.” வேதத்தை மூடி வைத்தாள். பிறகு, “என் கையைக் கட்டினவர் அப்படிச் சொன்னதே இல்ல” என்றாள்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சொன்னாள். ஆறு வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். கையை ஆட்டிப் பேசினால் வாய் பேச வராது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. காலையில் வகுப்பு தொடங்கியதும் துணிப்பட்டையால் இரண்டு மணிக்கட்டையும் நாற்காலிக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். மத்தியானம் மணியடிக்கும்வரை அப்படியே. மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. மூன்று வருஷம். கட்டியவர் வாத்தியார்.

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?”

“எதைன்னு சொல்றது? அவர்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு விஷக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்கப் பக்கத்துல உக்காந்து துணி நனைச்சுப் போட்டார். அதே கைதான்.” அம்மா எழுந்து தட்டைக் கழுவினாள். துடைத்து வைத்துவிட்டு, “புதன்கிழமை கடைக்கு லீவு. போய்க் கேக்கலாம். நீ என் வாயா வா” என்றாள்.

வாத்தியாரின் அறை கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, பூதக்கண்ணாடி, பழைய மாணவர்களின் கல்யாண போட்டோக்கள் மாட்டிய சுவர். உள்ளே நுழைந்ததுமே அவர் மகளைப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா. ஞாயித்துக்கெழம நான் சொல்லாததையெல்லாம் நீ சொல்லிட்ட போலிருக்கே. எனக்குத் தெரியாதா அந்தக் கதை? கூட்டத்துல சின்னப் பிள்ளைங்க இருக்கு. பெரிய மனுஷனைப் பத்திப் பேசறப்ப நாசூக்கா சொல்லணும்.”

“நீங்க சொன்னதுல ஆளே இல்லைங்கய்யா. ஆள் இல்லாம என் கைக்குப் பேச வராது. நான் ஒண்ணும் சேத்துச் சொல்லல.”

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்து கையைத் தூக்கினாள். மொழிபெயர்ப்பவர்கள், யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும் என்பது விதி. மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவாகப் பேசினாள்.

“ஐயா, நீங்க என் கையைக் கட்டினீங்க. மூணு வருஷம். ஏன்னு கேக்க வந்திருக்கேன்.”

வாத்தியார் அம்மாவைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் காலத்துல அதுதான் முறை. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் கட்டப்பட்டுது. நல்லதுக்குன்னு நினைச்சுச் செய்யப்பட்டுது...”

மகளின் கை பாதியில் நின்றது. அவள் தன் குரலில், மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, திரும்பவும் ஆளைக் காணோம்.”

அவர் சுவரிலிருந்த போட்டோக்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் கட்டினேன்” என்றார் கடைசியில். “பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து கட்டச் சொன்னது வாஸ்தவம். ஆனா அவர் வருஷத்துக்கு ஒருதரம் வருவார். தெனம் காலையில கட்டினது நான். ஒரு பொண்ணு அழுதா, முடிச்சைத் தளர்த்தாம முகத்தைத் திருப்பிக்கிட்டதும் நான்தான்.” மகளைப் பார்த்தார். “இதை நீ சொல்லாத. எனக்குக் காட்டிக்கொடு. நானே சொல்றேன்.”

மகள் காட்டினாள். அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். தன் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டப்பட்டதுபோல நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

அதன் அர்த்தம் ‘என் கை கட்டப்பட்டிருந்தது’ என்பது. எந்த அதிகாரியும் சொல்கிற சால்ஜாப்பு. அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று மகளுக்குத் தெரியும். திருத்தலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அம்மா எழுந்தாள். அவருடைய வலது கையைப் பிரித்து எடுத்து, அவர் நெஞ்சில் ஒருமுறை வைத்து, அங்கிருந்து இழுத்துவந்து தன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். இங்கிருந்து இங்கே. நான், உன்னை.

இரண்டாம் முறை அவர் சரியாகச் செய்தார். செய்துவிட்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார். அம்மா அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று நேராக உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், மேஜையிலிருந்த செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் கேட்டாள். “மன்னிச்சிட்டியாம்மா?”

“அது தனி வேலை. அதுக்கு நாளாகும்.” நாலு எட்டு நடந்த பிறகு அம்மா நின்று, மறுபடி கையைத் தூக்கினாள். “ஆனா எழுபத்தெட்டு வயசுல என் முன்னாடி தப்பாக் கையை ஆட்டி, திருத்திக்கிட்டுத் திரும்ப ஆட்டினார் பாரு. அதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் மேடையேறவில்லை. இடதுபக்க வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். மகளை எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லி, காது கேட்பவர்களுக்குத் தன் கை சொல்வதை வாயால் சொல்லச் சொன்னார். தட்டுத்தடுமாறி ஐந்தாறு வாக்கியம். ராஜா அவளைக் கொண்டுபோனான். ராஜா அவள் புருஷனைக் கொன்றான். ராஜா, நான் செய்தேன் என்று சொன்னான். நான் பிள்ளைகளின் கையைக் கட்டினேன். நானும் இன்று சொல்கிறேன்.

பிறகு வாயால் கொஞ்சம் பேசினார். “வேதத்துல பெரியவங்க தப்பெல்லாம் ஏன் இருக்குன்னு இத்தனை வருஷம் சங்கடப்பட்டிருக்கேன். மூடி மூடிப் பேசியிருக்கேன். எழுதினவன் மூடல. அவனைவிட எனக்கு நாசூக்கு ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டேன். இதை எனக்குப் புரியவச்சது நம்ம தையல்காரம்மா.”

கூடத்தில் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. வயசான காலத்தில் இந்தக் கிழவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் வேறு கூடத்துக்குப் போய்விட்டது. மற்றபடி, முன்பு அவர் எதிரே தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள், இப்போது நின்று முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அம்மா புதன்கிழமை தோறும் அவருக்குக் கைமொழி கற்றுக்கொடுக்கப் போனாள். தப்புச் செய்தால் விடமாட்டாள். பத்துத் தடவையானாலும் திரும்பச் செய்ய வேண்டும். ராஜாவின் பாட்டுகளையும் அவள் விடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அவன் பாடிய பாட்டை மட்டும் முன்பைவிட நிதானமாகப் பாடினாள்.

வெல்டர்தான் அதற்குப் பிறகு கூடத்துக்கு வரவில்லை. அவர் கையும் அந்த நாற்காலிகளில் கட்டுண்ட கை. முன்னால் வந்து நின்று நாலு சைகை காட்டினால் ஆயிற்றா என்று அம்மாவிடம் சண்டை போட்டார். “ஆகலைதான்” என்று அம்மா ஒத்துக்கொண்டாள். அவரை வா என்று கூப்பிடவும் இல்லை.

ஏழாவது வாரம் அவராகவே வந்தார். கூட்டம் முடியும்வரை கடைசி வரிசையில் இருந்துவிட்டு, நேரே வாத்தியாரிடம் போனார். “எத்தனை பேர்?” என்று கையால் கேட்டார். “எங்களை மாதிரி எத்தனை பேரைக் கட்டினீங்க?”

மகள் உதவிக்கு ஓடினாள். வாத்தியார் அவளை வேண்டாம் என்று நிறுத்தினார். கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கை சொல்லாமல், வலது கையைத் தூக்கி விரலெழுத்தில் ஒரு பெயரை எழுதினார். பிறகு அடுத்த பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் தடுமாறியது. நின்று, யோசித்து, திருத்திக்கொண்டு மேலே போனார். முப்பது வருஷத்துப் பிள்ளைகள். ஒரு பெயரும் அவருக்கு மறந்திருக்கவில்லை. பக்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் பெயர் பதினான்காவதாக வந்தது. வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு, அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்.

இருபத்திரண்டாவது, வெல்டரின் பெயர். ஓர் எழுத்து தப்பாக வந்தது.

வெல்டர் கட்டிய கையைப் பிரித்து, சரியான எழுத்தைக் காட்டினார். வாத்தியார் அதைப் பார்த்துத் திரும்ப எழுதினார். இன்னும் பெயர்கள் பாக்கி இருந்தன. அடுக்கியிருந்த நாற்காலிகளிலிருந்து வெல்டர் ஒன்றை இழுத்து வாத்தியாருக்குப் பின்னால் போட்டார். கிழவர் அதில் உட்கார்ந்து இருபத்துமூன்றாவது பெயரைத் தொடங்கினார்.