கடல் பக்கம் ஒரு பச்சைக் கதவு

உயரத்தில் ஒரு மூலையிலிருந்து பார்ப்பதுபோல வரைகிற ஐசோமெட்ரிக் வரைபடத்தில் எந்த வீட்டுக்கும் இரண்டு சுவர்தான் தெரியும். முதுகு காட்டி நிற்கிற வீடு கடைசிவரை முதுகைத்தான் காட்டும். இதில் தயவு தாட்சண்யமே கிடையாது. கணினியில் இப்படி ஊர் ஊராக வரைந்து பிழைக்கும் டிங்காவுக்கு இது தெரியாததா?

தல்மாத்சியக் கரையில் தான் பிறந்த தீவுக்கு அவள் சுற்றுலாப் படம் வரைந்தாள், கப்பலில் வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிறபடி, கடல் பக்கத்திலிருந்து. கூரை எல்லாம் முடிந்ததும் ஊருக்கு வந்து, அப்பா ஷிமேயைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

அவர் தன் சாப்பாட்டுக்கடையைத் தேடிப் பிடித்தார். "இதென்னடி, வாசலையே காணோம்? தண்ணிக் குழாயும் குப்பைத்தொட்டியும்தான் இருக்கு."

"நம்ம வாசல் மேல்தெருவுலதானே இருக்கு. கடல்லேர்ந்து பாத்தா எப்படிப்பா தெரியும்?"

"அதுசரி. ஊருக்கெல்லாம் முகம், அப்பனுக்கு மட்டும் முதுகு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போன கோடையில் பாதி மேசை காலி. இந்தக் கோடையும் அப்படியே போனால் கடையைப் பூட்டிவிட வேண்டியதுதான். பெற்ற மகளுக்கு மனசு கேட்குமா? கடையின் முகப்பைத் தனியாக வரைந்தாள்: பச்சைக் கதவு, பக்கத்தில் அத்திச் செடித் தொட்டி. அதை முப்பது பாகை சாய்த்து, கடல் பார்த்த கீழ்த்தெருப் பின்சுவரில் கொண்டுபோய் ஒட்டினாள். இத்தனை வீட்டில் ஒரு வீடு பொய், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பசித்தவன் கண்டுபிடித்தான். படம் துறைமுகத்தில் பெரிய பலகையாக நின்றது. கப்பலை விட்டு இறங்கிய கூட்டம் பச்சைக் கதவைத் தேடிக் கீழ்த்தெருவுக்கு வந்து, வெறுஞ்சுவரைப் பார்த்து விழித்தது. அந்தச் சுவருக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த யாகோவ் சும்மா இருப்பானா? நாற்காலிகளை இழுத்துப் போட்டான். அவன் கடை மத்தி மீன் வாசனையை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு படியேற எவனுக்குத் தலையெழுத்து?

"ஷிமேண்ணே, உம்ம பொண்ணு கை ராசியான கை!" என்று அவன் போட்ட கூச்சல் மேல்தெருவரை கேட்டது.

சேதி தெரிந்து டிங்கா, தான் வேலை பார்க்கும் ஸ்பிளிட் நகரத்திலிருந்து அடுத்த படகிலேயே வந்தாள். நல்லது செய்யப் போய் அப்பா வயிற்றில் அடித்துவிட்டோமே என்று வழியெல்லாம் நொந்துகொண்டாள். கடையில் அவர் இல்லை. கீழ்த்தெருவில் இடிக்கிற சத்தம் கேட்டது.

ஷிமே சம்மட்டியோடு நின்றார். பின்சுவரில் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. யாகோவ் தன் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அப்பா, நிறுத்துப்பா! தப்பு என்னோடது. தெரிஞ்சேதான் பொய்யா வரைஞ்சேன்."

"யாரு பொய்யுன்னு சொன்னா?" ஷிமே எதிர்க்கடைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "எம்பொண்ணு சரியாத்தான் வரைஞ்சிருக்கா. வீட்டைத்தான் எங்க தாத்தா திருப்பிக் கட்டிட்டுப் போயிட்டாரு."

டிங்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அழுகையெல்லாம் அப்புறம்," என்றார் அவர். "கதவு எம்புட்டு அகலம் போட்டிருக்கே, அதச் சொல்லு மொதல்ல."