கொப்பியில் இருந்த பெயர்

2008 ஜனவரியில் ஷெரோமி பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் மகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும் என்ற முதுமாணிப் படிப்பை இணையம் வழியாகப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கணினி இல்லாததால் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஹட்டனில் உள்ள நெட் கபேக்குப் போவாள்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குள் படிப்புக்கான ஒப்படையை அனுப்பியாக வேண்டும். போரால் பாதிக்கப்பட்ட ஒருவரிடம் பேசி எழுதுவதுதான் வேலை. அதே தோட்டத்து நாகலெட்சுமி தன் தம்பி அழகனைப் பற்றிச் சொல்லியிருந்தாள். கொழும்பில் கடையில் வேலை செய்தவனைச் சுற்றிவளைப்பில் பிடித்து, மூன்று மாதம் வைத்திருந்து, குற்றமில்லை என்று நீதிமன்றம் விட்டபின் அவன் தோட்டத்துக்கே திரும்பியிருந்தான். பெயர் எழுதமாட்டேன் என்று ஷெரோமி வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அவசரத்தில், தட்டச்சு செய்யும்போது மாற்றலாமென்று, கொப்பியில் பெயரோடே எழுதிவிட்டாள்.

வழியில் பொலிஸ் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அவள் பையிலிருந்த ஆங்கிலத் தாள்களில் யுத்தம், ஆயுதக் குழு என்ற சொற்களைக் கண்ட அதிகாரி, "மே மொனவாத?" என்று, இவை என்ன எனக் கேட்டார். இவை பாடங்கள் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவர் தமிழ்க் கொப்பியைப் புரட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்" என்று கொப்பியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

பஸ் புறப்பட்டது. எழுதியதெல்லாம் மனப்பாடம், ஹட்டன் போனால் ஒப்படையை அனுப்பிவிடலாம். ஆனால் திங்களுக்குள் யாராவது வாசித்துவிட்டால் அழகனைத் தேடி வருவார்களே! அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தாள்.

"என்னங்க டீச்சர், டவுனுக்குப் போகலையா?" என்றாள் தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற நாகலெட்சுமி.

"அக்கா, கொப்பிய பொலிஸ்ல எடுத்து வச்சிட்டாங்க. அதுல அழகன் பேரு இருக்கு."

"பேரு எழுத மாட்டேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்க்கா."

"தப்பு இருக்கட்டும். இப்ப அவன எங்க அனுப்புறது?"

உள்ளே இருந்த அழகன் சட்டையை மாட்டிக்கொண்டு, மலையடிவார ஊரான நல்லதண்ணியில் யாத்திரைக்காலக் கடை போட்டிருந்த மச்சானிடம் போய்விட்டான்.

ஞாயிறு பூசையில் ஷெரோமிக்கு ஜெபம் வரவில்லை. திங்கள் காலை பஸ் தரிப்பிடத்தில் நாகலெட்சுமி நின்றாள்.

"நானும் வாரேன். தனியா போனா பயத்துல இன்னும் எதையாவது ஒளறிருவீங்க."

சாவடியில் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் கொப்பியை விரித்து வைத்திருந்தார். "யாரு இந்த அழகன்?"

ஷெரோமி நாகலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தம்பிங்க. கோர்ட்டுல விட்டுட்டாங்க, இந்தாங்க," என்று நாகலெட்சுமி விடுதலைத் துண்டின் பிரதியை நீட்டினாள். அவர் இருமுறை வாசித்து, வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, கொப்பியைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஷெரோமி அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தாள். நாகலெட்சுமி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

நேர்காணலை அனுப்ப முடியாதென்று ஷெரோமி பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். வேறு விடயத்தில் எழுத இரண்டு வாரம் கிடைத்தது. அந்த நாட்களில் லயத்துப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் கரும்பலகையில் அவள் கை நின்றுவிடும். யாரும் தேடி வரவில்லை. சித்திரையில் அழகன் திரும்பி வந்து தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் செய்தியை மட்டும் நாகலெட்சுமி பள்ளிக்கூட வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.