மூக்கின் சாட்சி

கௌஸ் குடிக்கவில்லை என்பது கான்ஸ்டபிள் சபாபதி கண்ணால் பார்த்த உண்மை. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஒன்றரை வருஷத்தில் பெட்ரோல் கண்ணில் படாத பொருளாகிவிட்டது. மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய ஸ்பிரிட்டை ஊற்றித்தான் கௌஸ் லோரி ஓட்டினான். அன்று காலை கிள்ளான் சாலைத் தடுப்புக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி, பீப்பாயில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி டாங்கியை நிரப்பினான். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. ஐந்து வேளை தொழுகிறவன், கண்ணில் தண்ணீர் வரக் காறித் துப்பினான். சபாபதிக்குச் சிரிப்புகூட வந்தது.

தடுப்பில் சார்ஜன் நாகையா நின்றார். குடித்துவிட்டு ஓட்டுகிறவனின் லைசென்சைப் பறிக்கச் சொல்லிப் புது உத்தரவு. உத்தரவு நல்லதுதான், கள்ளுக்கடையிலிருந்து நேராக வண்டி ஏறி ஆளைக் கொன்றவர்கள் உண்டு. ஆனால் குடியைக் கண்டுபிடிக்க இருந்தது நாகையாவின் மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கு ஆள் பார்த்து வேலை செய்யும்.

"ஊது."

கௌஸ் ஊதினான்.

"காலையிலேயே ஏத்திட்டியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல சார். ஸ்பிரிட் உறிஞ்சினேன். சபாபதி அண்ணே பாத்தாரு, கேளுங்க."

சபாபதி தன் பூட்சைப் பார்த்துக்கொண்டான். போன மாதம் நாகையாவை எதிர்த்துப் பேசிய கான்ஸ்டபிள் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் போனால் கௌஸ் எங்கே போவான் என்று எல்லாருக்கும் தெரியும். வேலையில்லாத ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. கௌஸின் மனைவி ரசியா நிறைமாதம். அத்தனையும் தெரிந்தும் சபாபதி பூட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லைசென்ஸ் நாகையாவின் சட்டைப்பைக்குள் போனது.

அப்போது ஒரு கார் வந்தது. சாலையின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு வந்து, தடுப்பு மூங்கிலை முறித்துவிட்டு நின்றது. ஓட்டிவந்த ஜப்பானிய அதிகாரி இறங்கமாட்டாமல் கதவைப் பிடித்துக்கொண்டு பாடினான். நாகையாவின் மூக்கு உடனே அடைத்துக்கொண்டது. இடுப்பு வளைய வணங்கினார்.

"கோலாலம்பூர்ல பத்திரமா விடணும். யாருக்கு ஓட்டத் தெரியும்?"

அங்கே ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான்.

"கௌஸ், நீ ஏறு."

சபாபதிக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்தது.

"சார், லைசென்ஸ் இல்லாம போனா பங்சார் தடுப்புல நிறுத்துவாங்க. தொரையையும் எறக்குவாங்க. யார் புடுங்கினதுன்னு கேப்பாங்க."

நாகையா முகம் வெளுத்தது. பைக்குள் கைவிட்டு லைசென்சை எடுத்து நீட்டினார்.

அதிகாரி பின்சீட்டில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கினான். சபாபதி ஜன்னலோரம் குனிந்தான். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவனுக்கு.

"வாங்கிக் குடுத்துட்டேன்ல. பாத்துப் போ."

"நல்லாருங்கண்ணே," என்றான் கௌஸ். "ஆனா நான் குடிக்கலன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."

கார் ஓரம் தொடாமல் நேராகப் போனது. நாகையா பக்கத்தில்தான் நின்றார். இப்போதும் சொல்லியிருக்கலாம். சபாபதி முறிந்த மூங்கிலைப் பொறுக்கக் குனிந்தான்.