நிற்காமல் ஓடிய பம்ப்

பேருந்து ஓட்டுகிறவளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தால் வீட்டில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. பணிமனைப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் மாவுக்கட்டோடு சோபாவே கதியென்று கிடந்தாள். தலை வாரிவிடுவது, பொத்தான் போடுவது, பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பது, எல்லாம் கணவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர், பொறுமையான கை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவளுக்குத்தான் "தேங்க்ஸுங்க, தேங்க்ஸுங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிற்று. வாங்கிக்கொண்டே இருப்பதும் ஒரு பாரம்தான்.

விடுமுறை நாள் காலையில் சமையலறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நிற்கவே இல்லை.

"என்னங்க அது?"

"டிஷ்வாஷர்மா. ஆன் பண்ணினா கழுவவே மாட்டேங்குது. கதவைத் தொறந்தாலும் சத்தம் நிக்கல. யாரையாவது வரச் சொல்றேன், நீ எழுந்திரிக்காத."

எட்டிப் பார்த்த அவர் முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது போலிருந்தது. அவள் எழுந்து போய், மெஷின் பக்கத்தில் குனிந்து காது கொடுத்தாள். பிரேக் தேய்ந்தால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் வேறொரு சத்தம் என்று ஆண்டுக்கணக்கில் வண்டியோடு பேசிப் பழகியவள்.

"தண்ணிய வெளிய தள்ற பம்ப்தான் ஓடுது. ஆனா தள்றதுக்கு உள்ள தண்ணியே இல்ல. பம்ப் நல்லாத்தான் இருக்கு. எதுவோ அதை ஓடு ஓடுன்னு விரட்டுது."

"எது?"

"பாத்துருவோம். மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. தண்ணி வர்ற குழாயையும் மூடுங்க."

இரண்டையும் செய்துவிட்டு, கீழ்ப்பலகையைக் கழற்ற ஓடிப்போய் மூக்குக்கண்ணாடி முடுக்கும் ஒரு திருப்புளி கொண்டுவந்தார். ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன்.

"ஏங்க, இதுக்கென்ன கண்பார்வையா கோளாறு? பெருசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

பலகை கழன்றது. அவர் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார்.

"அடியில தட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல தண்ணி நிக்குது. ஒரு வெள்ளைத் தெர்மோகோல் துண்டு மிதக்குது."

"அதுதான் ஆளு!" மெஷின் வாங்கிய புதிதில் அதன் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். "தண்ணி கசிஞ்சு தட்டுல சேந்தா அது மேல எழும்பும். வீடு முழுகிடுமோன்னு மெஷின் பயந்துபோய், கழுவுற வேலைய விட்டுட்டு இறைக்க ஆரம்பிச்சிடும். சரி, எங்கேருந்து கசிஞ்சுது? தண்ணி எப்படி இருக்கு?"

"தண்ணி... நுரையா இருக்கு."

"நுரையா? மெஷின்ல போடுற மாத்திரைல நுரை வராதே!"

அவர் தரையில் படுத்தபடியே டார்ச்சை அணைத்தார்.

"நேத்து மாத்திரை தீந்துபோச்சும்மா. நீ வலி மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்த. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி இருந்துச்சே, கொஞ்சமா ஊத்தினேன்."

"கொஞ்சம்னா?"

"தட்டெல்லாம் ரொம்பப் பிசுக்கா இருந்துச்சு..." குரல் இறங்கியது. "கதவோரமா பொங்கிப் பொங்கி வந்துச்சு. தொடச்சுட்டேன். நீ ஆசையா வாங்கினதக் கெடுத்துட்டேனேன்னு காலைலேருந்து உங்கிட்ட சொல்லாம மறைச்சேன்."

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, சிரிப்பு. மாவுக்கட்டு அதிர, கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தாள். நுரையோடு மல்லுக்கட்டிவிட்டு, அவள் தூக்கம் கலையக் கூடாதென்று பூனை போல நடந்திருப்பார் மனிதர். நினைக்கும்போதே நெஞ்சு நெகிழ்ந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பணிமனையில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்வது போல இடக்கையை ஆட்டினாள். "வரலாம், வரலாம்... குழாய் இழுபடுது, நில்லுங்க!" அவர் மெஷினை முன்னால் இழுத்து மெல்லச் சாய்த்தார். தட்டிலிருந்து வழிந்த தண்ணீரை அவள் ஒரு அகலப் பாத்திரத்தில் பிடித்தாள். மிச்சத்தை அவர் பஞ்சால் ஒற்றியெடுத்தார். உள்ளே தேங்கிய நுரையை அள்ளிக் கொட்டி, வினிகர் கலந்த குளிர்ந்த நீரைத் தெளித்தார்கள்.

மெஷினை நிமிர்த்தி, குழாயைத் திறந்து, பிளக்கைச் செருகினார். முனகல் இல்லை. சோப்பில்லாமல் வெறுமனே ஓடவிட்டார்கள். தண்ணீர் வந்தது, சுழன்றது, வடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடித்தட்டு உலர்ந்தபடியே இருந்தது.

முழங்கால்வரை நனைந்து நின்றவர் அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை நீ இருந்த. நான் அதைக் குப்பைக்கே அனுப்பியிருப்பேன். ரொம்ப தேங்க்ஸ்மா."

விழுந்த நாளிலிருந்து யாரும் அவளுக்குத் தேங்க்ஸ் சொன்னதில்லை. சொல்லும்படி அவள் எதுவும் செய்ததுமில்லை. இவ்வளவு சின்னச் சொல் இவ்வளவு தூரம் உள்ளே இறங்குமா! சோப்பை ஊற்றிய அந்தக் கைக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"சரி, நான் கடைக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடுறேன்."

"உங்களைத் தனியா அனுப்பினா துணி சோப்பு வாங்கிட்டு வருவீங்க. நானும் வரேன்."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து அவள் காலணி நாடாவைக் கட்டினார். அவள் கூச்சப்படாமல் அடுத்த காலையும் நீட்டினாள்.